கையைப் பார்த்துச் சான்றிதழ் கொடுங்கள்

பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். பட்டம் பெற நம் நாட்டில் மூன்று ஆண்டுகள் படிக்க வேண்டும். முடிவில் எழுத்துத் தேர்வு, அதையடுத்துச் செய்முறைத் தேர்வு. செய்முறைத் தேர்வில் மாணவர் ஒரு நோயாளியின் கட்டிலருகே நின்று நோயின் வரலாற்றைக் கேட்டறிகிறார். வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார். இன்ன நோய், இன்ன சிகிச்சை என்று தேர்வாளர்களிடம் எடுத்துச் சொல்கிறார். பக்கத்து மேசையில் கருவிகள் பரப்பிவைக்கப்பட்டிருக்கும். ஒன்றை எடுத்துக் காட்டி அதன் பெயர், பயன், கிருமி நீக்கும் முறை என்று கேட்பார்கள். இன்னொரு மேசையில் எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் படங்கள், மற்றொன்றில் ஃபார்மலின் ஜாடிக்குள் அறுத்தெடுத்த உறுப்புகள். ஓர் அறுவை சிகிச்சையின் படிகளை முதலிலிருந்து கடைசிவரை வாயால் சொல்லவைப்பதும் உண்டு. எல்லாம் கடினமான சோதனைகள்தான்; படிக்காதவர் தேறிவிட முடியாது. ஆனால் இவ்வளவுக்கும் நடுவே, மாணவரின் கை ஓர் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தேர்வாளர்கள் பொதுவாகப் பார்ப்பதே இல்லை. தமிழ்நாட்டில் ஸ்கூட்டர் ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் மோட்டார் வாகன ஆய்வாளரின் கண்ணெதிரே காலை ஊன்றாமல் 'எட்டு' போட்டுக் காட்ட வேண்டும். வயிற்றில் துளையிட்டு, கேமராவைச் செலுத்தி, பித்தப்பையை அறுத்தெடுக்கும் உரிமைக்கு அப்படி ஓர் எட்டு கிடையாது. லேப்ராஸ்கோப்பி எனப்படும் நுண்துளை அறுவை சிகிச்சைக்காவது அது வேண்டும் என்கிறேன். எத்தனை ஆண்டு படித்தார், எத்தனை பேருக்குச் செய்தார் என்று கேட்பதோடு நிற்காமல், ஒருவர் செய்வதைப் பார்த்து, அவர் யாரென்று அறியாத நிபுணர்கள் மதிப்பிட்ட பிறகே அவரைத் தனியாகச் செய்ய விட வேண்டும்.

இன்றைய தேர்வுமுறையை வகுத்தவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். மூன்றாண்டு கூடவே இருந்த ஆசிரியருக்கு மாணவரின் கை தெரியும் என்ற நம்பிக்கையில்தான் அது நிற்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த பயிற்சி முறை உலகெங்கும் பரவியது: ஆசிரியர் செய்வதை எதிரில் நின்று பார்ப்பது, பிறகு ஆசிரியர் பார்க்கத் தான் செய்வது, படிப்படியாகப் பொறுப்பேற்பது. வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சைக்கு இது பெருமளவு பொருந்தியது. மேசையின் இருபுறமும் நிற்கும் இருவரின் நான்கு கைகளும் ஒரே காயத்துக்குள் இருக்கும். மாணவரின் கத்தரி தவறான இடத்துக்குப் போனால் ஆசிரியரின் விரல் குறுக்கே வந்து நிற்கும். ரத்தம் பீறிட்டால் எதிரில் இருப்பவர் விரலை வைத்து அழுத்திவிடுவார். நுண்துளை சிகிச்சையில் அந்த நான்கு கைகள் இல்லை. கருவிகளைப் பிடித்திருப்பவர் ஒருவர். மற்றவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர். 'நிறுத்து' என்று அவர் சொல்லலாம். சொல்லி முடிப்பதற்குள் கத்தரி மூடியிருக்கும்.

கையும்கூட இங்கே வேறாகிவிடுகிறது. தொப்புளருகே சுமார் ஒரு சென்டிமீட்டர் துளையிட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி, வயிற்றைப் பந்துபோல் உப்பவைக்கிறார்கள். அந்தத் துளையில் கேமரா. ஐந்து, பத்து மில்லிமீட்டர் துளைகள் வழியே இன்னும் இரண்டு மூன்று கருவிகள். கருவி வயிற்றுச் சுவரில் ஊன்றி நெம்புகோல் போலத் திரும்புவதால், வெளியே கையை இடப்பக்கம் நகர்த்தினால் உள்ளே முனை வலப்பக்கம் போகும். கையை உயர்த்தினால் முனை தாழும். திரையில் தெரிவது தட்டையான படம். எது முன்னே, எது பின்னே என்பதை நிழலையும் அளவையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். திசுவின் மென்மை, நாடித் துடிப்பு, கல்லின் கடினம் எதுவும் விரலுக்கு எட்டாது. நீண்ட கம்பியின் மறுமுனையில் ஏதோ தடுக்கிறது என்பது மட்டும் தெரியும். கேமராவைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் ஓர் இளைய மருத்துவர். ஆக, அறுப்பவரின் பார்வையே இன்னொருவர் கையில் இருக்கிறது. திறந்த சிகிச்சையில் இருபது ஆண்டு பழகிய கையும் முதல் நாள் இங்கே தடுமாறும். அது திறமைக் குறைவு அன்று. வேறொரு தொழிலைப் புதிதாகக் கற்பது போன்றது. சிகிச்சை நல்லது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. வலி குறைவு, தழும்பு சிறிது, ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்குச் சில வாரக் கூலி மிஞ்சும். நல்ல சிகிச்சை என்பதாலேயே அதைக் கற்றுத்தரும் விதத்தில் கவனம் வேண்டும்.

கவனமில்லாமல் தொடங்கியபோது என்ன நடந்தது என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே லேப்ராஸ்கோப்பி முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தார். 1987-இல் பிரான்ஸின் லியோன் நகரில் ஃபிலிப் மூரே செய்தார்; அதன் பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹம்டன் உட்வாடியா இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தார். கோவையில் சி. பழனிவேலு 1990களின் தொடக்கத்தில் தொடங்கி, உணவுக்குழாய், கணையம் போன்ற மிகக் கடினமான உறுப்புகளுக்கும் இம்முறையை விரித்தார். அமெரிக்காவில் நோயாளிகளே இதைக் கேட்டு வரத் தொடங்கியதும், மருத்துவர்கள் வார இறுதிப் பயிற்சி வகுப்புக்குப் போய், பன்றிகளில் ஓரிரு முறை செய்து பார்த்துவிட்டு, அடுத்த வாரம் மனிதர்களுக்குச் செய்தார்கள். 1992-இல் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை கணக்கெடுத்தபோது இரண்டு ஆண்டுகளுக்குள் குறைந்தது 7 மரணங்களும் 185 கடுமையான பாதிப்புகளும் தெரியவந்தன. தனியாகச் செய்வதற்குமுன் ஒருவர் மேற்பார்வையில் 15 முறையாவது செய்திருக்க வேண்டும் என்று அந்த மாநிலம் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கத் தென்மாநில அறுவை மருத்துவர்கள் 1,518 பித்தப்பைச் சிகிச்சைகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டிருந்தார்கள். ஒவ்வொரு குழுவும் அறுத்த முதல் 13 நோயாளிகளில் பித்தநாளம் காயப்பட்டவர்கள் 2.2 சதவீதம். அதன்பின் வந்தவர்களில் 0.1 சதவீதம். அதே மருத்துவர்கள், அதே கருவிகள். வரிசையில் முன்னால் நின்ற நோயாளிக்கு ஆபத்து இருபது மடங்குக்கு மேல்.

பித்தநாளக் காயம் என்றால் என்ன என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். அப்போதுதான் அந்த 2.2-இன் கனம் புரியும். கல்லீரலில் சுரக்கும் பித்தம் ஒரே ஒரு பெரிய நாளத்தின் வழியே குடலுக்கு இறங்குகிறது. பித்தப்பை அதன் பக்கத்தில் ஒரு சிறு குழாயால் தொங்கும். அறுக்க வேண்டியது சிறு குழாயை. வீங்கிச் சிவந்த பித்தப்பையை மேலே இழுக்கும்போது பெரிய நாளமும் சேர்ந்து நிமிர்ந்து, சிறு குழாயின் நேர்க்கோட்டில் வந்து நிற்கும். திரையில் பார்ப்பவருக்கு அதுவே சிறு குழாய் என்று தோன்றும். கிளிப் போட்டு வெட்டிவிடுவார். சிகிச்சை நன்றாக முடிந்ததாகவே அந்த நேரத்தில் எல்லோரும் நினைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் கண் மஞ்சளாகும், அல்லது வயிற்றுக்குள் பித்தம் கசிந்து காய்ச்சல் வரும். பிறகு பெரிய மருத்துவமனை, பெரிய அறுவை சிகிச்சை: குடலின் ஒரு வளைவைத் தூக்கிக் கல்லீரல் நாளத்தோடு தைக்க வேண்டும். அந்தத் தையல் சுருங்கி, ஆண்டுகள் கழித்தும் அடைப்பும் தொற்றும் வரலாம். பித்தக்கல்லுக்குப் படுத்தவர், பெரும்பாலும் நடுவயதுப் பெண், வாழ்நாள் கல்லீரல் நோயாளி ஆகிவிடுகிறார்.

கையின் தடுமாற்றத்தை நோயாளியின் வயிற்றில் வைத்துத்தான் தீர்க்க வேண்டும் என்பதில்லை. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மெகில் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஃபிரைடும் அவர் குழுவினரும் 1990களில் ஒரு பெட்டியை வைத்து ஒரு சோதனையை உருவாக்கினார்கள். பெட்டியின் மூடியில் இரண்டு துளைகள், உள்ளே கேமரா, வெளியே திரை. பெட்டிக்குள் ஒரு பலகையில் பன்னிரண்டு முளைகள், ஆறு சிறிய ரப்பர் வளையங்கள். வளையத்தை ஒரு கைக் கருவியால் எடுத்து, அந்தரத்திலேயே மறு கைக்கு மாற்றி, எதிர்ப்பக்க முளையில் மாட்ட வேண்டும். ஆறும் முடிந்தபின் மறுபடி பழைய இடத்துக்கு. நழுவி விழுந்தால் மதிப்பெண் போகும், நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து, இழுத்துப் பிடித்த காஸ் துணியில் அச்சிட்ட வட்டத்தைக் கோடு பிசகாமல் வெட்டி எடுப்பது. பிறகு சுருக்கு மாட்டுவது. வெளியே போட்ட முடிச்சை உள்ளே தள்ளுவது. கடைசியாக, ஊசிநூலை உள்ளேயே வைத்துத் தைத்து முடிச்சுப் போடுவது. ஐந்தே வேலைகள். முதல்முறை உட்காருகிறவர் ஒரு வளையத்தைப் பிடிக்கவே காற்றில் பலமுறை கொத்துவார். சில வாரம் தினமும் அரைமணி நேரம் பழகியவர் ஆறையும் மாற்றித் திரும்ப வைக்க ஒரு நிமிடம்கூட எடுக்கமாட்டார். இதிலிருந்து வளர்ந்த 'எஃப்.எல்.எஸ்.' தேர்வில் தேறாமல், 2009-10 கல்வியாண்டு முதல், அமெரிக்காவில் பயிற்சி முடிக்கும் பொது அறுவை மருத்துவருக்கு அந்நாட்டு வாரியத்தின் சான்றிதழ் கிடையாது.

பெட்டிக்குள் வளையம் மாட்டுவதும் மனிதரை அறுப்பதும் ஒன்றா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை மட்டும் கணினிச் செயற்கைப் பயிற்சிக் கருவியில், குறித்த தேர்ச்சி வரும்வரை பழக்கினார்கள். பிறகு எல்லோரும் உண்மையான நோயாளிகளில் பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரித்தார்கள். யார் பயிற்சி பெற்றவர் என்று அறியாத நிபுணர்கள் வீடியோவைப் பார்த்துப் பிழைகளை எண்ணினார்கள். 2002-இல் வெளியான முடிவுப்படி, பழகியவர்கள் 29 சதவீதம் விரைவாகச் செய்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ, வேறு திசுவைச் சுட்டுவிடவோ வாய்ப்பு ஐந்து மடங்கு இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் செயற்கைக் கருவியில் வரும் பழக்கம் உடலுக்குள்ளும் கூடவே வருகிறது என்பதை அது காட்டியது. முக்கியமானது இன்னொன்று: அங்கே இத்தனை மணிநேரம் என்று பயிற்சியை அளக்கவில்லை, தேர்ச்சி வரும்வரை என்று அளந்தார்கள். ஒருவருக்கு மூன்று நாள் போதும், ஒருவருக்கு மூன்று வாரம் வேண்டும். நம் பாடத்திட்டங்கள் இன்னும் நாள்களையும் வாரங்களையும்தான் எண்ணுகின்றன.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 2003-இல் அறுவை மருத்துவர் லாரன்ஸ் வேயும் அவருடைய சகாக்களும் 252 பித்தநாளக் காயங்களை, அறுவைக் குறிப்புகளையும் கிடைத்த வீடியோக்களையும் வைத்து, ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். 97 சதவீதத்தில் முதன்மைக் காரணம் கண் ஏமாந்தது. கைத்திறன் குறை 3 சதவீதத்தில் மட்டும். கை லாவகமாகவே வேலை செய்தது, தவறான நாளத்தின் மேல். அப்படியானால் பெட்டிக்குள் எத்தனை வளையம் மாட்டி என்ன பயன்? என் பதில்: பெட்டி முதல் வாசல் மட்டும். கருவியைக் கட்டுப்படுத்தவே போராடிக்கொண்டிருப்பவருக்குத் தான் பார்ப்பதைச் சந்தேகிக்க மனத்தில் இடமிருக்காது. கை தானாக ஓடத் தொடங்கிய பிறகுதான் கவனம் கண்ணுக்கு வரும். கண்ணை எப்படிச் சோதிப்பது என்பதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் ஸ்டிராஸ்பெர்க் 1995-இல் வகுத்துக் கொடுத்த மூன்று நிபந்தனைகள் இன்று உலகெங்கும் பாடம். பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் இடையிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பையும் நார்த்திசுவையும் முழுக்க நீக்க வேண்டும். பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரல் படுகையிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு, ஒரு குழாய், ஒரு தமனி என்பது கண்ணால் தெரிய வேண்டும். மூன்றும் தெரியாமல் எதையும் வெட்டக் கூடாது. கேமராவைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, கைகளை நிறுத்தி, முழுப் படத்தையும் ஒருமுறை பார்க்கும் பழக்கம் அதிலிருந்து வருகிறது. மூன்றும் தெரியாவிட்டால்? பித்தப்பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வெளியேறலாம், அனுபவசாலியை அழைக்கலாம், வயிற்றைத் திறக்கலாம். திறப்பதைத் தோல்வியாக எண்ணும் மனநிலை நம் மருத்துவமனைகளில் இருக்கிறது. நேரத்தில் திறந்தவருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கும் தேர்வுதான் அந்த மனநிலையை மாற்றும்.

இந்த மூன்று நிபந்தனைகளும் வீடியோவில் தெரியும். நுண்துளை சிகிச்சையின் தனித்தன்மையே அதுதான். கற்பதற்குக் கடினமான இந்தச் சிகிச்சைதான், மருத்துவர் பார்த்த எல்லாவற்றையும் பார்த்தபடியே பதிவாக விட்டுச்செல்கிறது. திறந்த சிகிச்சையில் காயத்துக்குள் நடந்ததை மேசையருகே நின்ற சிலர் மட்டும் பார்த்திருப்பார்கள். இங்கே மருத்துவர் எந்தப் படத்தைப் பார்த்து முடிவெடுத்தாரோ அதே படத்தை மதுரையில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் ஆறு மாதம் கழித்தும் பார்க்கலாம். அப்படிப் பார்த்து மதிப்பிட்டால் அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தம் உண்டா என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சோதித்தார்கள். உடல்பருமனுக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் இரைப்பை மாற்றுப்பாதை சிகிச்சை செய்யும் 20 மருத்துவர்கள் ஆளுக்கொரு வீடியோ கொடுத்தார்கள். யாருடையது என்று தெரியாமல் சக மருத்துவர்கள் பத்துப் பேராவது ஒவ்வொன்றையும் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். கிடைத்தவை 2.6 முதல் 4.8 வரை. 2013-இல் வெளியான முடிவு: கடைசிக் கால்பங்கில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல். முதல் கால்பங்கினரிடம் 5.2 சதவீதம். இறப்பு 0.26 சதவீதத்துக்கு 0.05 சதவீதம். வீடியோவைத் தேர்ந்தெடுத்தது அந்த மருத்துவர்களே என்பதைக் கவனியுங்கள். தனக்குப் பிடித்த ஒரே ஒரு பதிவைக் கொடுத்தபோதும், சகாக்களின் கண் நோயாளிகளின் கதியைச் சரியாகப் படித்தது. எல்லோரும் முழுத் தகுதி பெற்றவர்கள், பட்டங்களில் குறைவில்லாதவர்கள். பணியாற்றிய ஆண்டுகளுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தென்படவில்லை. நிறையச் செய்தவர்கள் சராசரியில் நன்றாகச் செய்தார்கள் என்பது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை.

அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு, எண்ணிக்கையே போதுமே, லாக்புக்கில் இத்தனை சிகிச்சை என்று காட்டினால் போதாதா என்பார்கள். போதாது. எண்ணிக்கை வாய்ப்பைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. ஒரு தவறான பழக்கத்தை ஐந்நூறு முறை செய்தவருக்கு அது ஐந்நூறு மடங்கு உறுதிப்பட்டிருக்கும். எண்ணிக்கையைத் திறமையாக வழிபட்டால் எங்கே போய் முடியும் என்பதற்குச் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் இருக்கிறது. 2014 நவம்பரில் அங்கே ஒரு குடும்பக்கட்டுப்பாட்டு முகாமில், பயன்பாட்டில் இல்லாத ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில், ஒரே மருத்துவர் 83 பெண்களுக்கு ஒரே நாளில் சில மணி நேரத்துக்குள் லேப்ராஸ்கோப்பி முறையில் கருத்தடை செய்தார். ஒரு நாளுக்கு 30 என்பதே அரசு விதித்திருந்த வரம்பு. 13 பெண்கள் இறந்தார்கள். தொற்றா, கொடுத்த மாத்திரையில் கலப்படமா என்ற சர்ச்சை நீண்டது; அதில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அந்த மருத்துவர் ஐம்பதாயிரம் கருத்தடைச் சிகிச்சைகள் செய்ததற்காக அதே ஆண்டின் தொடக்கத்தில் மாநில அரசால் பாராட்டப்பட்டவர். ஐம்பதாயிரத்தில் ஒன்றையாவது யாரேனும் உட்கார்ந்து பார்த்து, எப்படிச் செய்கிறார் என்று எழுதிவைத்தார்களா என்பதே என் கேள்வி.

இத்தனை கோடி மக்களுக்கு மருத்துவர்களே போதாத நாட்டில் இன்னொரு தேர்வு என்றால் சிகிச்சை தாமதமாகாதா என்பது அடுத்த கேள்வி. இங்கிலாந்தின் அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பி முறையை 2006-இல் அங்கே அரசு ஆலோசனை அமைப்பு பரிந்துரைத்தபோது அதைச் செய்யத் தெரிந்த மூத்த மருத்துவர்கள் மிகச் சிலர். 2008-இல் 'லாப்கோ' என்ற தேசியப் பயிற்சித் திட்டம் தொடங்கியது. ஏற்கெனவே பணியில் இருந்த மூத்த மருத்துவர்களே மாணவர்களாகச் சேர்ந்தார்கள். ஒரு பயிற்றுநர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சிகிச்சையின் பின்னும் படிவாரியாக மதிப்பெண் போட்டார். இறுதியில் வெட்டி ஒட்டாத இரண்டு வீடியோக்களை அனுப்ப வேண்டும். செய்தவரின் பெயர் அறியாத நிபுணர்கள் பார்த்துத் தேற்றுவார்கள். பயிற்றுநர்களுக்கும் கற்பிப்பது எப்படி என்று தனிப் பயிற்சி கொடுத்தார்கள். நன்றாக அறுப்பவர் எல்லோருக்கும் நன்றாகக் கற்பிக்கத் தெரியும் என்ற எண்ணத்தைக் கைவிட்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தேர்வு வைத்ததால் லேப்ராஸ்கோப்பி குறையவில்லை. சில ஆண்டுகளில் பன்மடங்கு பெருகியது. ஜப்பானில் 2004 முதலே, அகநோக்கு அறுவை சிகிச்சைச் சங்கம், திருத்தாத வீடியோவை இரு நடுவர்கள் பார்த்துத் தகுதி வழங்கும் முறையை நடத்திவருகிறது. அந்த ஜப்பானிலும் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி கல்லீரல் சிகிச்சைக்குப் பிறகு எட்டு நோயாளிகள் இறந்தது 2014-இல் வெளிவந்து நாட்டை உலுக்கியது. தேர்வு சர்வரோக நிவாரணி இல்லை. விருப்பப்பட்டவர் மட்டும் எழுதும் தேர்வு, எழுதாதவரைத் தடுக்காது என்பதையும் நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் மருத்துவர்கள் வெளியில் அதிகம் சொல்லாத அச்சம் வழக்கு. 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது முதல், எழுதிவைத்த ஒவ்வொரு வரியும் தனக்கெதிராகத் திரும்புமோ என்ற பயம் இருக்கிறது. பதிவு செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அச்சத்தைப் புறக்கணிப்பது தவறு. புறக்கணித்தால் வீடியோக்கள் காணாமல்போகும். பயிற்சிக்கும் தகுதித் தேர்வுக்கும் அனுப்பும் பதிவில் நோயாளியின் பெயரோ மருத்துவரின் பெயரோ இருக்கக் கூடாது. அதை வழக்கில் மருத்துவருக்கு எதிரான சான்றாகக் கேட்கக் கூடாது என்று சட்டமே சொல்ல வேண்டும். நோயாளியின் உரிமையும் இதில் குறையாது; அவருடைய மருத்துவ ஆவணங்கள் அவருக்கு உண்டு, இழப்பீடு கேட்கும் வழியும் உண்டு. மேலும், பதிவு மருத்துவரைக் காக்கவும் செய்யும். கடுமையான கவனக்குறைவு இருந்தால்தான் மருத்துவர்மீது குற்ற வழக்குத் தொடரலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று நிபந்தனைகளையும் காட்டிவிட்டுத்தான் வெட்டினேன் என்பதற்கு அந்த வீடியோவைவிட நல்ல சாட்சி ஏது?

பணம் ஒரு தடையாகாது. சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் சுமார் 35 கோடி ரூபாய் செலவில் ரோபோ அறுவை சிகிச்சை மையம் 2022-இல் திறக்கப்பட்டது. அரசு மருத்துவமனை நோயாளிக்கு அது கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் கையைச் சோதிக்க அவ்வளவு பணம் தேவையில்லை; ஒரு பிளாஸ்டிக் பெட்டி, மடிக்கணினியோடு இணைக்கும் வெப்கேமரா, பழைய கருவிகள் இரண்டு இருந்தால் பயிற்சிப் பெட்டி தயார். மாணவர்கள் தாங்களே செய்துகொள்வதும் உண்டு. இந்தியாவில் ஐ.ஏ.ஜி.இ.எஸ்., கோவையில் வேர்கொண்ட அமாசி போன்ற சங்கங்கள் ஆண்டுதோறும் சில நாள் பயிற்சியும் தேர்வும் நடத்தி ஆயிரக்கணக்கானோருக்குக் கதவு திறந்துவிட்டிருக்கின்றன; தேசியத் தேர்வு வாரியம் இரண்டாண்டுப் படிப்பே வைத்திருக்கிறது. குறை முயற்சியில் இல்லை. இவை விரும்பியவருக்கு மட்டும் என்பதில் இருக்கிறது. இதில் என்னை உறுத்துவது பணத்தைவிட நீதி. கற்கும் கையின் முதல் பதின்மூன்று நோயாளிகளாக இருப்பவர்கள் பெரும்பாலும் யார்? மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் காசில்லாமல் படுத்திருப்பவர்கள். மாணவர் யாரிடமாவது கற்றே ஆக வேண்டும்; அது மேற்பார்வையில் நடந்தால் தவறில்லை. ஆனால் பெட்டியில் தீர்த்திருக்கக்கூடிய தடுமாற்றத்தை அவர்கள் வயிற்றில் தீர்ப்பதற்கு நியாயம் கிடையாது.

எனவே வழி இப்படி இருக்கலாம். முதுநிலை முதலாண்டிலேயே பெட்டித் தேர்வு. ஐந்து வேலைகளிலும் தேறாதவர் நோயாளியிடம் கேமரா பிடிக்கலாம், கருவி பிடிக்கக் கூடாது. இறுதித் தேர்வில் ஒவ்வொரு மாணவரும் தான் செய்த ஒரு பித்தப்பை, ஒரு குடல்வால் சிகிச்சையின் முழு வீடியோவைக் கொடுக்க வேண்டும்; தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் வேறு கல்லூரி ஆசிரியர்கள் இருவரிடம் பெயரை மறைத்து அனுப்பலாம். ஆழத்தை உணர்தல், இரு கை ஒத்துழைப்பு, வீண் அசைவின்மை, திசுவை மென்மையாகக் கையாளுதல், பிறர் உதவியின்றிச் செய்தல் என ஐந்து தலைப்பில் 25 மதிப்பெண் போடும் அளவுகோல் மெகிலில் 2005-லேயே உருவாகிவிட்டது. அதோடு ஸ்டிராஸ்பெர்க்கின் மூன்றையும் சேர்த்தால் போதும். ஏற்கெனவே பணியில் இருக்கும் மூத்தவர்களை ஒரே நாளில் தேர்வுக்கு அழைப்பது நடக்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரும் மருத்துவமனைகளிடம், அரசுப் பணம் வாங்குவதற்கு நிபந்தனையாக, ஆண்டுக்கு இரண்டு வீடியோ கேட்கலாம். தேறாதவரை அவமானப்படுத்தும் நோக்கம் இதில் இருக்கக் கூடாது. அவருடைய வீடியோ, எந்த நிமிடத்தில் எது தவறிற்று என்ற குறிப்புகளோடு அவரிடமே திரும்பட்டும். மூன்று மாதம் ஒரு பயிற்றுநர் அவர் பக்கத்தில் நிற்கட்டும். மறுமுறை அனுப்பும் பதிவில், முன்பு அவசரப்பட்ட அதே இடத்தில் அவர் கை நின்று, கேமராவைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லி, முழுப் படத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதன்பிறகு கிளிப்பை எடுத்தால் தேறினார் என்று எழுதலாம்.